கடை பெங்களூரில், வழக்கு டில்லியிலா?

கேட்டவர் பெங்களூரில் ஓர் உணவக ஃபிரான்சைஸ் (ஒரு பிராண்டின் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுத்து மூன்று ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறார். பிராண்டின் தலைமை அலுவலகம் டில்லியில் இருக்கிறது. ராயல்டி (பிராண்டின் பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) பாக்கி என்று சொல்லி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. திரும்ப வரவேண்டிய டெபாசிட்டும் சமையலறைச் சாதனங்களுக்காகக் கொடுத்த பணமும் சேர்ந்து சுமார் 40 லட்சம் ரூபாய் நிற்கிறது. 'எல்லாத் தகராறுகளும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவரால், புதுடில்லியை இருக்கையாகக் கொண்டு தீர்க்கப்படும். புதுடில்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு' என்று ஒப்பந்தம் சொல்கிறது. கடையும் இங்கே, கையெழுத்திட்டதும் இங்கே, நஷ்டமும் இங்கே. அப்படியிருக்க, பெங்களூரில் வழக்குப் போட முடியாதா என்பது அவருடைய கேள்வி.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. தீர்ப்புச் சொல்லப்போவது நீதிமன்றமா, நடுவரா (ஆர்பிட்ரேட்டர், அதாவது ஒப்பந்தப்படி நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்)? எந்த ஊர் நீதிமன்றத்துக்கு இந்த விவகாரத்தில் தலையிடும் அதிகாரம் உண்டு? அந்த நடுவரை யார் நியமிப்பது? பெங்களூரில் 19 ஆண்டுகளாக வணிக வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு கேள்விகளிலும் உங்களுக்குச் சாதகம் மிகக் குறைவு, மூன்றாவதில் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் நிற்கிறது. பணத்தையும் நேரத்தையும் அந்த மூன்றாவதில் செலவிடுங்கள். நீங்கள் அனுப்பியிருப்பது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு மட்டுமே என்பதால், மீதிப் பக்கங்களும் பிற்சேர்க்கைகளும் இதற்கு முரணாக எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் உறுதியானவை. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. இணையத்தில் தேடினால் அமெரிக்க விளக்கங்கள்தான் முதலில் வரும். அங்கே கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில், கிளை நடத்துபவரை வெளிமாநில நீதிமன்றத்துக்கு இழுக்கும் ஒப்பந்தப் பிரிவு செல்லாது என்று சட்டமே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நமக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம், 1996 ஆகிய பொதுவான சட்டங்களைக் கொண்டுதான் இதைத் தீர்க்க வேண்டும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, எதிர்வாதி தொழில் நடத்தும் ஊரிலும் வழக்குக்கான காரணம் முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த ஊரிலும் வழக்குத் தொடுக்கலாம். உங்கள் விஷயத்தில் இரண்டு ஊர்களுக்கும் இயல்பாகவே அதிகாரம் உண்டு. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அதிகாரமே இல்லாத ஒரு நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தின் மூலம் அதிகாரம் கொடுத்துவிட முடியாது. ஆனால் அதிகாரமுள்ள இரண்டு நீதிமன்றங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டிலேயே ஹாக்கம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு நீதிமன்றத்தை நாடும் உரிமையை முற்றிலும் பறிக்கும் ஒப்பந்தத்தைத்தான் செல்லாததாக்குகிறது; ஒரே ஊரோடு நிறுத்திக்கொள்வதை அது தடுப்பதில்லை.

'மட்டுமே' என்ற சொல்லில் பிடித்துத் தொங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதற்கு அடிப்படையான வழக்கு எங்கள் சேலத்திலிருந்து போனது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. குஜராத்தைச் சேர்ந்த ஒரு ஜரிகை நூல் தயாரிப்பாளருக்கும் சேலத்து வியாபாரிக்கும் இடையில் எழுந்த அந்த ஏ.பி.சி. லேமினார்ட் வழக்கில், 'கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று மட்டும் இருந்ததே தவிர, 'மட்டும்', 'தனியே' போன்ற விலக்குச் சொற்கள் இல்லாததால் சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் பறிபோகவில்லை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அந்தத் தீர்ப்பை நம்பி யாரும் வழக்குப் போடக் கூடாது. 2013ஆம் ஆண்டு ஸ்வஸ்திக் கேசஸ் (Swastik Gases) நிறுவன வழக்கில், அத்தகைய சொற்கள் இல்லாவிட்டாலும், ஓர் ஊரின் பெயரைச் சொன்னதே மற்ற ஊர்களை விலக்கும் நோக்கத்தைக் காட்டுகிறது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. உங்கள் ஒப்பந்தத்திலோ 'மட்டுமே' என்று எழுதியே இருக்கிறது.

இதெல்லாம் நீதிமன்ற எல்லை பற்றிய பொதுவான நிலை. உங்களுடையதில் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருப்பதால் விஷயம் இன்னும் இறுக்கமாகிறது. பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டின் வணிக நீதிமன்றத்தில் நீங்கள் தாவா தாக்கல் செய்தால், நிறுவனம் தன் முதல் எதிருரைக்கு முன்போ அதனுடனோ 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்கீழ் ஒரு மனு போடும். செல்லத்தக்க நடுவர் ஒப்பந்தம் இருப்பதாக மேலோட்டமாகத் தெரிந்தாலே நீதிமன்றம் கட்சிக்காரர்களை நடுவரிடம் அனுப்பியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பதியர் கோரமங்களாவில் கடை நடத்தியவர்கள். வேறொருவரின் ஆலோசனையில் இங்கேயே வழக்குப் போட்டு, 8ஆவது பிரிவு மனுமீது மட்டும் 14 மாதம் வாய்தா வாங்கி, கடைசியில் மும்பைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த 14 மாதமும் கடைக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் என் மனதை விட்டுப் போகாததால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் முறிந்துவிட்டதே, அதிலிருந்த நடுவர் பிரிவு மட்டும் எப்படி உயிரோடிருக்கும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் 16ஆவது பிரிவு அதைத் தனி ஒப்பந்தமாகவே பாவிக்கிறது. மற்றவை முடிந்தாலும் அது தொடரும். விற்பனை எண்களைப் பெருக்கிக் காட்டி ஏமாற்றினார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டும் பெரும்பாலும் நடுவர் முன்பே போகும். இரு தரப்புக்கு இடையிலான சாதாரண மோசடிப் புகாரை நடுவரே விசாரிக்கலாம் என்று 2019, 2020 ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் தெளிவாக்கியிருக்கின்றன. பிராண்டின் பெயர் தொடர்பான தகராறும் அப்படியே. கோயம்புத்தூரின் ஸ்ரீ அங்கண்ணன் பிரியாணி ஓட்டல் என்ற வணிகப் பெயரைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் தொடங்கி, நடுவரிடம் அனுப்பப்பட்டு, அந்த முடிவை உச்ச நீதிமன்றம் 2025இல் உறுதிசெய்தது.

அடுத்தது 'இருக்கை'. நடுவர் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதை மட்டும் இந்தச் சொல் குறிப்பதில்லை. அந்த நடுவர் விசாரணையைக் கண்காணிக்கும் நீதிமன்றம் எது என்பதை அது தீர்மானிக்கிறது. 2017இல் சென்னையைச் சேர்ந்த இண்டஸ் மொபைல் என்ற நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், சரக்கு டில்லியிலிருந்து சென்னைக்குப் போயிருந்தாலும், மும்பையில் எதுவுமே நடக்காதிருந்தாலும், இருக்கை மும்பை என்று எழுதியிருந்த ஒரே காரணத்தால் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று தீர்ப்பானது. ஆகவே இடைக்காலத் தடை கேட்கும் 9ஆவது பிரிவு மனு, நடுவரை நியமிக்கக் கேட்கும் 11ஆவது பிரிவு மனு, தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் 34ஆவது பிரிவு மனு ஆகிய மூன்றையும் நீங்கள் டில்லியில்தான் தாக்கல் செய்ய வேண்டும். நியமன மனு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் தொகை 2 கோடி ரூபாய்க்குக் கீழே என்பதால் மற்றவை மாவட்ட அளவிலான வணிக நீதிமன்றத்துக்குப் போகும்.

இவ்வளவும் கேட்டு மனம் சோர்ந்திருப்பீர்கள். இனி உங்களுக்குச் சாதகமான பகுதி. 'நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவர்' என்ற சொற்றொடர் இன்று சட்டத்தின்முன் நிற்காது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 12ஆவது பிரிவில் 5ஆம் உட்பிரிவையும் ஏழாம் அட்டவணையையும் சேர்த்து, தகராறில் பங்குள்ளவர்கள் நடுவராக இருப்பதைத் தடைசெய்தது. அதன் தொடர்ச்சியாக, முடிவில் நலனுள்ள ஒருவர் தானாக ஒரே நடுவரை நியமிக்கவும் முடியாது என்று 2019இல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசு நிறுவனங்களின் ஒப்பந்தங்களை முன்வைத்து, ஒரு தரப்பு மட்டும் நடுவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு சமத்துவத்துக்கு முரணானது என்று அந்த வழியையே வலுப்படுத்தியது. நடுவரை நியமித்துவிட்டோம் என்று நிறுவனம் கடிதம் அனுப்பினால், உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். இந்த ஆட்சேப உரிமையை, தகராறு எழுந்த பிறகு எழுத்துமூலமாக வெளிப்படையாகச் செய்யும் உடன்பாட்டால் மட்டுமே விட்டுக்கொடுக்க முடியும். விசாரணையில் கலந்துகொண்டதாலேயே அது போய்விடுவதில்லை. ஆனால், 'எங்களுக்கு ஆட்சேபமில்லை' என்று ஒரு வரி மின்னஞ்சலில் எழுதிவிட்டால், அதையே அப்படிப்பட்ட உடன்பாடு என்று எதிர்த்தரப்பு காட்டும். அவசரத்தில் அதை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கட்சிக்காரர்களிடம் நான் சொல்வது இதுதான்: எந்த ஊர் என்பதைவிட எந்த நடுவர் என்பது பத்து மடங்கு முக்கியம். டில்லி உயர் நீதிமன்றம் நியமிக்கும் நடுநிலையான ஒருவர்முன் வாதாடுவதற்கும், நிறுவனம் வழக்கமாக அழைக்கும் ஒருவர்முன் வாதாடுவதற்கும் உள்ள வித்தியாசம் விமானச் சீட்டின் விலையில் அடங்காது. தவிர, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் 3ஆம் உட்பிரிவின்படி, இருக்கை டில்லியாகவே இருந்தாலும் அமர்வுகளை வசதியான வேறு இடத்தில் நடத்தலாம். காணொலி வழியாக நடத்துவது இப்போது சாதாரணம். உங்கள் சமையல் மாஸ்டரையும் கணக்காளரையும் ரயிலேற்ற வேண்டியதில்லை. முதல் அமர்விலேயே இதைக் கேட்டு நடைமுறை உத்தரவில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

செலவையும் பேசிவிடுவோம். சட்டத்தின் நான்காம் அட்டவணையை அடிப்படையாகக் கொண்டால், 40 லட்சம் ரூபாய்க் கோரிக்கைக்கு நடுவர் கட்டணம் 97,500 ரூபாயோடு 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதம், அதாவது 1,57,500 ரூபாய் வரும். ஒரே நடுவர் என்றால் கூடுதலாக 25 சதவீதம் சேர்ந்து 1,96,875 ரூபாய் ஆகும். பொதுவாக இதை இரு தரப்பும் பாதிப்பாதியாகக் கட்டும். டில்லி உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் டில்லி சர்வதேச நடுவர் மையத்தின் மேற்பார்வையில் விசாரணை நடக்கும்படி நியமன மனுவிலேயே கேட்கலாம். கட்டணமும் கால அட்டவணையும் அப்போது ஒரு கட்டுக்குள் இருக்கும். இரு தரப்பும் தங்கள் எழுத்துமூல வாதுரைகளைத் தாக்கல் செய்து முடித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 6 மாதம் என்று 29-ஏ பிரிவு சொல்கிறது. அதற்கு மேல் நீட்டிக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அப்படி நீட்டிக்கப்படுவதும் உண்டு.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். இதைப் படிக்கும் வேறு சிலரின் ஒப்பந்தத்தில் 'நடுவர் விசாரணை பெங்களூரில், நீதிமன்ற அதிகாரம் டில்லியில்' என்று இரண்டு பிரிவுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்கலாம். உணவக ஒப்பந்தங்கள் பல, பழைய ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டியவை. முரணான குறிப்பு ஏதுமில்லாவிட்டால் விசாரணை நடக்கும் இடமே இருக்கை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 'டில்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே' என்ற பிரிவு அத்தகைய முரணான குறிப்பா என்பதில் உயர் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. அங்கே முதலில் மனுப் போட்டவருக்குச் சற்று அனுகூலம் உண்டு. ஏனெனில் அதிகாரமுள்ள நீதிமன்றம் ஒன்றில் முதல் மனு தாக்கலானால் பின்வரும் மனுக்களும் அங்கேயே வர வேண்டும் என்கிறது 42ஆவது பிரிவு. உங்கள் ஒப்பந்தத்தில் இந்த இடைவெளி இல்லை.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு சபலம். அங்கே புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், நடுவர் பிரிவு அதற்குத் தடையும் இல்லை. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு கடை என்ற விதிவிலக்கு இருக்கிறது என்றாலும், 12 பேரை வேலைக்கு வைத்து நடத்திய உணவகத்துக்கு அது பொருந்தும் என்று வாதாட நான் துணிய மாட்டேன்.

காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதற்கு ஆவணம் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான நெருக்கடியாக அதைப் பயன்படுத்தினால் உயர் நீதிமன்றம் புகாரையே ரத்து செய்யக்கூடும். அந்த ஆணையை நடுவர் முன்னால் நீட்டிக் காட்டுவார்கள்.

ஒப்பந்தப் பிரிவு எதைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ராயல்டிக்காக நீங்கள் பின்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால், அவை பணமின்றித் திரும்பும்போது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்கீழ் வரும் 138ஆவது பிரிவு வழக்கு, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, காசோலையைப் பெற்றவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையின் எல்லையில் தொடரப்படும். நிறுவனத்தின் கணக்கு டில்லியில் என்றால் அந்தக் குற்ற வழக்கும் டில்லியில்தான், நடுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எத்தனை காசோலைகள் அவர்கள் கையில் இருக்கின்றன என்று இன்றே எண்ணிப் பாருங்கள். பெயர்ப்பலகையும் அப்படித்தான். ஒப்பந்தம் முறிந்த பிறகும் அவர்களுடைய பெயரில் கடை நடத்தினால், வணிகக் குறிச் சட்டம், 1999இன் 134ஆவது பிரிவின்படி அவர்கள் தங்கள் ஊரிலேயே வழக்குப் போட்டு, உங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடையும் நீதிமன்ற ஆணையரும் வாங்கிக்கொண்டு உங்கள் கடை வாசலில் வந்து நிற்க முடியும். முறித்தது தவறு என்று நீங்கள் எவ்வளவு உறுதியாக நம்பினாலும், பலகையை இறக்கிவிட்டு நஷ்ட ஈட்டுக்குப் போராடுவதுதான் பாதுகாப்பு. கட்டட உரிமையாளரோடு உள்ள வாடகைத் தகராறு மட்டும் இங்கே பெங்களூரில் நடக்கும். டில்லிப் பிரிவு அவரைக் கட்டுப்படுத்தாது.

இப்படி ஒரே சண்டை பல ஊர்களில் பிரிந்து ஓடுவதற்குப் பெரிய உதாரணம் மெக்டொனால்ட்ஸுக்கும் வட இந்தியாவில் அதன் கூட்டாளியாக இருந்த விக்ரம் பக்ஷிக்கும் இடையில் நடந்தது. 2013இல் தொடங்கிய அந்தத் தகராறு டில்லியில் கம்பெனி தீர்ப்பாயத்திலும், லண்டனில் நடுவர் முன்பும், டில்லி உயர் நீதிமன்றத்திலும் ஒருசேர நடந்து, 2019 மே மாதத்தில் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்ட பிறகே ஓய்ந்தது. அவ்வளவு பெரியவர்களால் ஆறு ஆண்டு தாங்க முடிந்தது. 40 லட்சம் ரூபாய்க்காக நிற்கும் ஒருவருக்கு, நடுவரை நாடுவதற்கு முன் ஒரு முறை சமரசப் பேச்சுக்கு நிறுவனத்தை அழைப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. பெங்களூரு மத்தியஸ்த மையம் போன்ற இடத்தில் இரு தரப்பு சம்மதத்தோடு பேசினால் டில்லிப் பிரிவு அதற்குக் குறுக்கே வராது.

பேச்சு நடக்கிறது என்பதற்காகக் காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். உங்கள் கோரிக்கைக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. பேச்சுவார்த்தை நடப்பதால் மட்டும் அந்தக் கடிகாரம் நிற்காது. நடுவர் நியமன மனுவுக்கும் தனியாக மூன்று ஆண்டுக் கெடு உண்டு என்பதை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதுவும் ஆப்டெக் நிறுவனத்துக்கும் ஆப்கானிஸ்தானில் அதன் கணினிப் பயிற்சி ஃபிரான்சைஸ் எடுத்தவருக்கும் இடையிலான வழக்கில்தான். நடுவர் விசாரணை தொடங்கியதாகச் சட்டம் கருதுவது, 21ஆவது பிரிவின்கீழ் நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளில். ஆகவே அந்த நோட்டீஸை, தொகையையும் காரணத்தையும் தெளிவாகக் குறித்து, நடுவராக நீங்கள் ஏற்கக்கூடிய இரண்டு மூன்று பெயர்களை முன்மொழிந்து, நிர்வாக இயக்குநரின் நியமன அதிகாரத்தை ஏற்கவில்லை என்றும் எழுதி, ஒப்பந்தத்தில் நோட்டீஸுக்கென்று கொடுத்திருக்கும் அதே முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் அதே மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். கடை மேலாளருக்கோ வட்டார அதிகாரிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது போதும் என்று இருந்துவிட வேண்டாம். நோட்டீஸ் சேர்ந்து 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது தாங்களே ஒருவரை நியமித்துக்கொண்டதாகப் பதில் வந்தால், அடுத்த வாரமே டில்லி உயர் நீதிமன்றத்தில் 11ஆவது பிரிவு மனுவைத் தாக்கல் செய்ய அங்குள்ள ஒரு வழக்கறிஞருக்கு வக்காலத்து கொடுத்துவிடலாம். அதற்கு நீங்கள் பெங்களூரை விட்டு நகர வேண்டியதே இல்லை.